ஒதுக்கீடும் ஒதுக்குதலும்



'ஒதுக்கீடு', 'ஒதுக்குதல்' இரண்டும் ஒண்ணுதானே என்று ஆசிரியரிடம் கேட்டேன். "பாப்பாபட்டி கதையைப் படி, புரியும்" என்றார். படித்ததை எழுதுகிறேன்.

1992-இல் வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சித் தலைவர் பதவிகளில் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைத் தலித் மக்களுக்குத் தந்தது. இது ஒதுக்கீடு. அதன்படி 1996-இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகியவை தனி ஊராட்சிகளாயின.

ஆனால் ஆதிக்கச் சாதியினர் ஒத்துக்கொள்ளவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும்; மனுப் போட ஆள் வராது. சிலசமயம் ஒருவர் ஜெயிப்பார், உடனே ராஜினாமா செய்துவிடுவார். கூலி வேலை அவர்கள் நிலத்தில்தானே? எதிர்த்தால் அடுப்பு எரியுமா? மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் கொலை செய்யப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். இது ஒதுக்குதல்!

பத்து வருஷம் நாற்காலி காலி. அதிகாரிகள் ஊர் மக்களிடம் பேசிப் பேசி, 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து, தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள்.

ஓட்டுரிமை இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். பயமில்லாமல் நிற்கவும் முடியணும்.

நம்ம வகுப்புத் தலைவர் தேர்தலில் ஒருத்தன் எழுந்து நின்றான். எல்லாரும் சிரிச்சோம், உட்கார்ந்துட்டான். சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அடுத்த தடவை அவன் பேரை நானே முன்மொழிவேன். நீங்க கை தூக்குவீங்களா?