கோழி, வான்கோழி, தாரா: ஒரே வளவில் வளர்க்கும் முறை

வயலும் தோட்டமும் உடைய கமக்காரர் பலர், தம் வளவில் கோழிகளோடு சில வான்கோழிகளையும் தாராக்களையும் வளர்த்து வருகின்றனர். களத்திற் சிந்திய நெல்லும் தோட்டத்திற் கழிக்கும் இலைகுழைகளும் இவற்றுக்கு உணவாகின்றன. நத்தார் காலத்தில் வான்கோழி விற்பனையால் நல்ல வருவாயும் கிடைக்கின்றது. ஆயினும், இம்மூன்றையும் ஒரே கூட்டில் அடைத்தல் பெருந் தவறாகும். ஒன்று வாடாது தாங்கும் நோய் மற்றொன்றைக் கொல்லக்கூடும் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கோழியும் வான்கோழியும்

வான்கோழிக்குப் பெரும் பகை கருந்தலை நோயாகும். பெயர் அவ்வாறிருப்பினும் தலை கறுக்க வேண்டுமென்பதில்லை. நோய் தாக்குவது குருட்டுக்குடலையும் ஈரலையுமே. இதனை உண்டாக்கும் நுண்ணிய தனிக்கல உயிரை 1895-ஆம் ஆண்டில் தியோபால்ட் சிமித் என்னும் அறிஞர் விவரித்தார். கோழிகளின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டை வழியாக இந்நோய் பரவுகின்றதென்பது 1920-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

இவ்வுயிர் எச்சத்தோடு தனியே வெளிவந்தால் விரைவில் மடிந்துவிடும். புழுமுட்டையினுள் இருக்கும்போதோ, மண்ணில் ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கும். மண்புழுக்கள் அம்முட்டைகளை உட்கொள்கின்றன; அம்மண்புழுவைத் தின்னும் வான்கோழிக்கு நோய் தொற்றுகின்றது. கோழியோ பெரும்பாலும் நோய்க்குறி யாதும் காட்டாது. ஆதலின், "என் கோழிகள் நலமாயிருக்கின்றன, ஆகவே நிலம் சுத்தமானது" என்று கருதுதல் கூடாது.

நோயுற்ற வான்கோழி தீன் எடாது, இறக்கைகளைத் தொங்கவிட்டுச் சோர்ந்து நிற்கும். எச்சம் கந்தக மஞ்சள் நிறமாயிருக்கும். இளம் பறவைகளிற் பெரும்பாலானவை இறந்துவிடலாம். அத்தகைய பறவையை உடனே பிரித்துவிடுக. அது நிற்கும் கூட்டத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நோய் நேராகவும் பரவும்.

இதனைத் தடுப்பதற்குச் செய்ய வேண்டியவை:

1. கோழிக்கும் வான்கோழிக்கும் வெவ்வேறு கூடும் வெவ்வேறு மேய்ச்சல் நிலமும் அமைக்க. இடையே கோழி நுழையாத வேலி இருத்தல் வேண்டும்.
2. கோழிகள் மேய்ந்த நிலத்தில் வான்கோழிக் குஞ்சுகளை விடாதீர்கள். கோழியெரு இட்ட மரக்கறிப் பாத்திகளுக்கும் இது பொருந்தும்.
3. வான்கோழிக் குஞ்சுகளைத் தரையினின்றும் உயர்த்திய சலாகைத் தளத்தில் வளர்ப்பின், எச்சம் கீழே விழுந்துவிடும்; குஞ்சுகள் அதனைக் கொத்தமாட்டா.
4. நாள்தோறும் முதலில் வான்கோழிகளையும் பின்னர் கோழிகளையும் பராமரிக்க. மண்வெட்டி, கூடை முதலியவற்றை இரண்டுக்கும் பொதுவாக வைத்தல் ஆகாது.

அடைக்கோழியும் வான்கோழி முட்டையும்

வான்கோழி முட்டைகளை ஊர்க் கோழியின் கீழ் அடைவைக்கும் வழக்கம் உண்டு. அவை பொரிக்க 28 நாட்கள் செல்லும். கோழி முட்டைக்கு 21 நாட்களே. இவ்வழக்கில் மறைந்திருக்கும் ஆபத்து யாதெனில், குஞ்சுகளை வழிநடத்தும் தாயே நோயையும் அளித்துவிடும் என்பதாகும். அடைவைக்குமுன் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி கோழிக்குப் புழு மருந்து கொடுத்தல் நன்று. குஞ்சு பொரித்தவுடன் தாயைப் பிரித்து, குஞ்சுகளை விளக்கு வெப்பத்தில் வளர்த்தல் அதனிலும் நன்று.

கோழியும் தாராவும்

இவற்றைப் பகலில் ஒரே வளவில் உலாவவிடலாம்; இரவில் ஒரே கூட்டில் அடைத்தலாகாது. தாரா நீரில் அலகை அமிழ்த்தி உதறும், எச்சமும் நீர்த்தன்மையுடையது. எனவே உமி விரிப்பு விரைவில் நனைந்துவிடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த விரிப்பில், கோழிக் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் கிருமிகள் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலையை அடைகின்றன. மேலும், கோழி கம்பில் ஏறி உறங்க, தாரா தரையிற் கிடப்பதால் மேலிருந்து விழும் எச்சத்தில் நனைகின்றது.

ஆண் தாராக்கள் மிகுந்திருப்பின் அவை பெட்டைக் கோழிகளையும் துரத்தி மிதித்துக் காயப்படுத்தும். ஐந்தாறு பெட்டைத் தாராக்களுக்கு ஓர் ஆண் போதுமானது. காட்டுப் பறவைகள் இறங்கும் குளங்களில் மேயும் தாராக்கள் தாம் வாடாமலே நோய்க் கிருமிகளைக் கொணரக்கூடும். அவற்றைக் கோழிக் கூட்டின் அருகில் விடாதீர்கள்.

தீன்

கடையில் வாங்கும் கோழிக்குஞ்சுத் தீனை எல்லாக் குஞ்சுகளுக்கும் பொதுவாக இடாதீர்கள். இரத்தக் கழிச்சலைத் தடுக்க அதிற் சேர்க்கப்படும் மருந்துகளுள் ஒன்றான சலினோமைசின், வான்கோழிக்கு நஞ்சாகும். பையிலுள்ள விவரத்தை வாசித்தறிந்த பின்னரே வாங்குக. தாராக் குஞ்சுகளுக்கு நியாசின் என்னும் உயிர்ச்சத்து கோழிக் குஞ்சுகளைவிட மிகுதியாக வேண்டும்; அது குறைந்தால் கால்கள் வலுவிழக்கும். உலர்ந்த மாத்தீன் தாராவின் தொண்டையில் அடைக்குமாதலால், தீன் இடும்போது நாசி முழுவதும் அமிழத்தக்க ஆழமான நீரும் அருகில் இருத்தல் அவசியம்.

புதிய பறவைகள்

சந்தையில் வாங்கிய பறவையை அன்றே மந்தையிற் சேர்த்தல் கூடாது. மூன்று அல்லது நான்கு வாரம் தனியே அடைத்து, எச்சத்தையும் நடமாட்டத்தையும் கவனித்து வருக.

மூன்று கூடுகள் கட்டுவதற்கு இடமும் பொருளும் இல்லாதவர், வான்கோழியையாவது கோழியையாவது கைவிட்டு, மற்றதைத் தாராவோடு வளர்ப்பதே புத்தியாகும். பறவைகள் காரணமின்றி இறப்பின், இறந்த பறவையைத் தாமதியாது உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் காட்டி ஆலோசனை பெறுக.