மூன்று எண்களுக்குள் ஒரு குரல்

ஒலிப்புத்தகம்: கேட்கும் நூலின் கதை – 8

வாசித்தாயிற்று, தடுமாறிய இடங்களை வெட்டி ஒட்டியாயிற்று. இனி அந்தப் பதிவு கடைக்குப் போக வேண்டும். அமேசானின் ஆடிபிள் கடைக்கு ஒலிப்புத்தகங்கள் போய்ச் சேரும் வாசல்களில் ஒன்று, 2011இல் தொடங்கிய ஏ.சி.எக்ஸ். என்ற தளம். அங்கே ஏற்றும் ஒவ்வொரு ஃபைலும் மூன்று எண்களுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். சராசரி ஒலி அளவு -23 டெசிபலுக்கும் -18 டெசிபலுக்கும் நடுவில். உச்சம் -3 டெசிபலைத் தாண்டக் கூடாது. குரல் இல்லாத இடத்தின் இரைச்சல் -60 டெசிபலுக்கு மேல் ஏறக் கூடாது.

டிஜிட்டல் பதிவில் 0 என்பது கூரை. அதற்கு மேல் இடமே இல்லை. மீறிய ஒலியின் தலை வெட்டப்பட்டுக் கரகரக்கும். அதனால் எல்லா அளவுகளும் கூரையிலிருந்து கீழ்நோக்கி, கழித்தல் குறியோடு எண்ணப்படுகின்றன. 6 டெசிபல் இறங்கினால் அலையின் உயரம் ஏறக்குறையப் பாதி. 20 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. 60 இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, -20இல் நிற்கும் குரலுக்கும் -60இல் கிடக்கும் இரைச்சலுக்கும் இடையே நூறு மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பத்து மணி நேரம் ஒரே குரலை ஹெட்போனில் கேட்கிறவருக்கு, அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடும் மின்விசிறியும் பத்து மணி நேரம் ஓடும்.

மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கடினமில்லை. மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதுதான் சிக்கல். ஒரு பதிவை அளக்கிறோம். சராசரி -32, உச்சம் -10, இரைச்சல் -66 என்று வைத்துக்கொள்வோம். சராசரியை -20க்குக் கொண்டுவர 12 டெசிபல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் உச்சமும் 12 ஏறிக் கூரையைக் கிழித்துக்கொண்டு +2க்குப் போகும். இரைச்சலும் ஏறி -54இல் வந்து நிற்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்ற இரண்டும் தோற்றுவிட்டன.

உச்சத்துக்கு வைத்தியம் எளிது. ஒரு அத்தியாயத்தில் உச்சத்தைத் தொடுவது ஒரு சிரிப்பு, ஒரு அதட்டல், வேகமாக விழுந்த ஒரு வல்லினம் எனச் சில இடங்கள் மட்டுமே. லிமிட்டர் என்ற கருவி அந்த நுனிகளை மட்டும் பிடித்து அழுத்தும். அதை -3.5இல் வைப்பது நல்லது. எம்பி3 ஆக மாற்றும்போது அலையின் வடிவம் சற்றே மாறும், சில நுனிகள் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் மேலே எழும். உச்சத்துக்கும் கூரைக்கும் நடுவே 3 டெசிபல் இடைவெளி விடச் சொல்வதன் பயனும் இதுதான்.

இரைச்சலுக்கு அப்படி எளிய மருந்து கிடையாது. அதை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கொழகொழக்கும். பேச்சில்லாத இடங்களை முற்றிலும் மௌனமாக்கும் கேட் இன்னும் மோசம்; ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அறை திறந்து திறந்து மூடுவது காதில் விழும். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டுங்கள். தெருவில் போகும் லாரி, ஏ.சி.யின் அதிர்வு போன்றவற்றின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. மனிதக் குரலுக்கு அங்கே அநேகமாக வேலையில்லை. பிறகு மைக்கை நெருங்குங்கள். 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு வந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். மேலே சொன்ன கணக்கில் இரைச்சல் எல்லை மீறியிருந்ததும் சரியாக அந்த 6 டெசிபல்தான்! நெருங்கினால் ‘ப’வின் காற்று மைக்கில் மோதும், குரலின் அடி ஒலி கனக்கும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, பாப் ஃபில்டரை முன்னால் வைத்தால் சமாளிக்கலாம்.

ஒலி அளவின் கெடுபிடி புதிதல்ல. பிரிட்டனில் பார்வையற்றோருக்கான முதல் பேசும் புத்தகங்கள் 1935இல் இசைத்தட்டுகளாக வந்தன. அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ அவற்றில் ஒன்று. நிமிடத்துக்கு 24 சுழற்சி, ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம். இசைத்தட்டில் ஒலி உரக்க இருந்தால் வரிப்பள்ளம் அகலமாக வளையும், பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும். உரத்த குரலுக்கு அன்று இன்னொரு தட்டு விலை.

இந்த எண்களைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள் என்பது என் வருத்தம். -23 முதல் -18 வரை என்பது முழு ஃபைலின் சராசரி. ஒவ்வொரு வாக்கியமும் அதற்குள் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பயந்துபோய், கம்ப்ரஸரை இறுக்கி, கிசுகிசுப்பையும் கூச்சலையும் ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கிவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் தாயின் கடைசிப் பேச்சும் சந்தைச் சண்டையும் ஒரே சத்தத்தில் கேட்கும் புத்தகத்தை யார் கேட்டு முடிப்பார்கள்? அந்த 5 டெசிபல் அகலம், அத்தியாயத்துக்கு அத்தியாயம் கேட்பவர் வால்யூமைத் தொட வேண்டியதில்லை என்பதற்காக. அத்தியாயத்துக்குள் குரல் ஏறி இறங்க நிறைய இடம் இருக்கிறது. சராசரிக் கணக்கில் இடைநிறுத்தங்களும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். நிறுத்தி நிதானமாக வாசித்த அத்தியாயம் எண்ணில் கொஞ்சம் தாழ்ந்தே காட்டும். அதைக் கண்டு மௌனங்களை வெட்டாதீர்கள். மொத்தமாக 1 டெசிபல் ஏற்றினால் போதும்.

மீதி விதிகள் சுலபம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 192 கேபிபிஎஸ் அல்லது அதற்கு மேல் மாறா வேக எம்பி3, ஒரு ஃபைல் 120 நிமிடத்துக்குள். தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம், ரூம் டோன் என்கிற வெற்று அறையின் ஒலி. இதற்கென்று பதிவு நாளன்றே, அதே மைக், அதே கெயினில், யாரும் அசையாமல் ஒரு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னொரு நாள் பிடித்தது ஒட்டாது. அளவுகளை இலவச மென்பொருளான ஆடாசிட்டியிலேயே பார்த்துவிடலாம். எம்பி3 ஆக மாற்றிய பிறகு மறுபடி ஒருமுறை அளந்துவிட்டு ஏற்றுங்கள்.

(தொடரும்)