ரத்தக் கொதிப்பு மாத்திரையால் உடம்பு பெருக்கிறதா?

விருதுநகர் மண்டியில் மாலை நேரம் நாலு வியாபாரிகள் கூடினால் பருப்பு விலை, மல்லி வரத்து, லாரி வாடகை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது பிரஷர், சுகர் பேச்சுத்தான். "அண்ணாச்சி, மாத்திரை போட ஆரம்பிச்சதிலிருந்து உடம்பு ஊதிப்போச்சு. அதான் நிறுத்திட்டேன்" என்பார் ஒருவர். "நிறுத்தியும் ஒண்ணும் செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று அவரே சேர்த்துச் சொல்வார். கேட்டுக்கொண்டிருக்கும் மற்றொருவர் மறுநாள் தம் மாத்திரையையும் நிறுத்திவிடுவார். இப்பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தவறு என்று நாம் கணக்குப் பார்ப்பது அவசியம்.

ரத்தக் கொதிப்பு வலி கொடுக்காது. ஆகவே மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே எதுவும் தெரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ ஒருநாள் வெளிப்படும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300/190. அவ்வளவு பெரிய நாட்டின் தலைவருக்கும் அக்காலத்தில் கொடுக்க நல்ல மருந்து இல்லை. 1949-ல் மும்பை டாக்டர் ருஸ்தம் ஜல் வகீல், நம் நாட்டு சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதி உலகுக்கு அறிவித்தார். அதன் பின் படிப்படியாக வந்தவையே இன்று நாம் சாப்பிடும் மாத்திரைகள்.

எந்த மாத்திரை, என்ன செய்யும்?

"பிரஷர் மாத்திரை" என்று ஒரே சரக்கு கிடையாது. மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயருக்கு அருகில் மருந்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பில்லைப் படிப்பது போல அதைப் படிக்க வேண்டும்.

அம்லோடிபின்: மிகுதியாக எழுதப்படும் மாத்திரை இது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும். ரத்தக் குழாய்கள் விரிவதால் நீர் கசிந்து காலில் தங்குவதே காரணம். அது கொழுப்பு அல்ல. நாள் முழுதும் கல்லாவில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற நமக்கு மாலையில் வீக்கம் கூடுதலாகத் தெரியும். அளவைக் குறைத்தோ, வேறு மருந்து சேர்த்தோ, மாற்றியோ டாக்டர் சரி செய்துவிடுவார்.

அட்டினலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால்: உண்மையில் எடை கூட்டக்கூடிய வகை இதுதான். இதயத் துடிப்பைத் தணிப்பதால் உடம்பு செலவழிக்கும் சக்தி சற்றுக் குறைகிறது; நடந்தால் சீக்கிரம் களைப்பும் வரலாம். ஆனால் கூடுவது சராசரியாக 1 கிலோவுக்குச் சற்று மேல்தான், அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில். இவ்வகையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. துடிப்பும் அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலி வரலாம்; ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். மாற்றுவதானால் டாக்டர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாபிரில்: இவற்றால் எடை கூடுவதில்லை.

குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு: இவை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுபவை. இவற்றாலும் உடம்பு பெருக்காது.

ஆக, 1 கிலோ கூடியதற்கு மாத்திரை காரணமாக இருக்கலாம். 8 கிலோ, 10 கிலோ கூடியிருந்தால் அதை மாத்திரையின் பற்றில் எழுதுவது சரியான கணக்கு ஆகாது.

மீதி எடை எங்கிருந்து வந்தது?

முதலில் மற்ற மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். நம்மில் பலருக்குச் சர்க்கரையும் உண்டு. அதற்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், இன்சுலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. முட்டுவலிக்கென்று நாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கி, ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகின்றன. பழி மட்டும் பிரஷர் மாத்திரைக்குப் போகிறது.

அடுத்தது நம் பிழைப்பு முறை. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் பட்டாசு விற்பனையைத் தொடங்கினால் தீபாவளி வரை ஓய்வில்லை. பகலில் வேளை தவறிச் சாப்பாடு, இரவு கடையடைத்த பின் எண்ணெய்ப் பரோட்டா, இடையிடையே டீயும் காராச்சேவும். நடை கிடையாது, தூக்கமும் குறைவு. மாத்திரை ஆரம்பிக்கும் வயதும், உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் என்று தோன்றிவிடுகிறது.

எடை குறைந்தால் அழுத்தமும் இறங்கும். 1 கிலோ குறைத்தால் மேல் அழுத்தம் ஏறத்தாழ 1 புள்ளி குறையும் என்பது மருத்துவக் கணக்கு. 5 கிலோ குறைத்தவருக்கு மருந்தின் அளவையே டாக்டர் குறைக்க வாய்ப்புண்டு.

உப்புக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும் என்கிறது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நாளைக்கு 20 கிராம், மாதத்துக்கு 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், ஓட்டல் சாப்பாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இந்த 5 கிராமுக்குள் அடக்கம். நம் கடையிலிருந்து நம் வீட்டுக்கு மாதம் எத்தனை பாக்கெட் போகிறது என்று சிட்டையைப் புரட்டிப் பாருங்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு சரக்கு நம் கடைகளிலேயே விற்கிறோம். அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், எனலாபிரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைச் சாப்பிடக் கூடாது. வாங்க வருபவர்களுக்கும் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை.

நாம் செய்ய வேண்டியது

நம்மிடம் இல்லாத தராசா? வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் அது சாப்பாட்டின் கணக்கு. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறி, கால் வீக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் இதயமோ சிறுநீரகமோ சிரமப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அழுத்தம் பார்க்கும்போது 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்க்க வேண்டும். காப்பி குடித்து அரைமணி ஆகியிருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை போடுவது போல, வீட்டு பிரஷர் கருவியையும் ஆண்டுக்கொரு முறை டாக்டர் கருவியோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

செலவை எண்ணி எவரும் மாத்திரையை விட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதற்காக ஏற்பட்டது. கடைப் பையன்கள், கணக்குப்பிள்ளை, சுமை தூக்குவோர் ஆகியோருக்கும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், எடை குறித்த சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். "எனக்கு எடை கூடியிருக்கிறது, இவற்றில் எதனால் இருக்கலாம்? மாற்று உண்டா? எப்படி மாற்றுவது?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மாற்று மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன. பதில் கிடைக்கும் வரை இன்றைய மாத்திரையை இன்று சாப்பிட்டுவிடுங்கள்.