நாயனமும் நற்சான்றும்

ஆடை வாங்குவோன் அதன் நெசவைக் கண்ணாற் கண்டு தெளியலாம். அரிசி வாங்குவோன் ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம். இசைக்கருவி வாங்கப் புகும் இளைஞனுக்கோ இவ்வசதி இல்லை. கருவியின் குணம் கைதேர்ந்தவன் வாசித்தாலன்றி வெளிப்படாது. அவனோ இன்னும் கைதேராதவன். ஆதலின், பெயர்பெற்ற வித்துவான் எதனைக் கையிற் கொண்டிருக்கிறார் என நோக்கி, அதனையே தானும் நாடுகிறான்.

மேனாட்டு வணிகர் இவ்வியல்பை முன்னரே நன்கறிந்திருந்தனர். 1872 இல் பியானோ மேதை அன்ரன் ரூபின்ஸ்ரைன் அமெரிக்கா சென்று இருநூறுக்கு மேற்பட்ட கச்சேரிகள் நிகழ்த்தியபோது, பின்னின்று உதவியோர் ஸ்ரைன்வே என்னும் பியானோ உற்பத்தியாளரே. 1952 இல் கிப்சன் நிறுவனம் லெஸ் போல் என்னும் கலைஞரின் பெயரையே தன் கித்தாருக்கு இட்டு விற்றது.

நம்மவரிடையே இத்தகைய ஒப்பந்தம் எதுவுமின்றியே ஒரு கருவி நாடெங்கும் பரவிய வரலாறு உண்டு. முன்னாளில் வழங்கிய திமிரி நாயனம் குட்டையானது. சுருதி மிக உயர்ந்தது. சுத்த மத்திமம் அதில் இயல்பாய் அமையாமையால், மூச்சின் அடக்கத்தால் அதனை வருவித்தல் வேண்டியிருந்தது. தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, நீளமும் கனிந்த ஒலியும் உடையதாய், அச்சுரம் இலகுவாய்ப் பேசும் வண்ணம் பாரி நாயனத்தைச் செப்பஞ்செய்தார். அண்மையிலுள்ள திருவாவடுதுறையின் புகழ் வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதனைக் கைக்கொண்டார். அவர்தம் நெடிய இராக ஆலாபனைக்குத் தாழ்ந்த சுருதி பெரிதும் இசைந்தது. கேட்டோர் மயங்கினர், பிற வித்துவான்களும் நாளடைவிற் பாரிக்கு மாறினர்.

மாறியதற்குப் புகழ் மட்டுங் காரணமன்று. நாயனம் பெரும்பாலும் இருவர் சேர்ந்து வாசிக்கும் கருவி. முதல்வர் ஒரு சுருதிக்கு மாறின் துணைவரும் மாறியே தீரவேண்டும். ஒத்தும் அதற்கு இசைதல் வேண்டும் (ஒத்து ஊதுவாரைச் சுருதிப்பெட்டி வேலையிழக்கச் செய்தது வேறு கதை). மாணாக்கரும் ஆசிரியர் சுருதியிலேயே பயில்வர். எனவே ஒருவர் மாற்றம் பல கருவிகளின் விற்பனையாயிற்று. அச்சிட்ட விளம்பரம் எதற்கும் இத்துணை வலிமை இல்லை.

இணுவிலும் அளவெட்டியும் மேளக்கலைக்குப் பெயர்போன யாழ்ப்பாணக் குடாநாட்டில், அளவெட்டி என். கே. பத்மநாதன் போன்றோர் கோயில் வீதிகளில் இரவிரவாக வாசித்த காலத்தில், சனங்கள் கருவியைப் பற்றியா பேசினர்? வாசித்தவரைப் பற்றியே பேசினர். நற்சான்றின் சிக்கல் இங்குதான் உள்ளது. வித்துவானின் ஒலியைக் கேட்டு மயங்கியவன், அவ்வொலி முழுவதும் மரத்தினுள் உறைவதாக எண்ணி அதனை விலைகொடுத்து வாங்குகிறான். ஆச்சா மரம் எத்துணை முதிர்ந்ததாயினும், சீவாளி சரியாக அமையாவிடின் நாதம் கெடும். ஓரிரு துளைகளில் மெழுகிட்டுச் சுருதி திருத்துவதும் வாசிப்போன் வேலையே. பழகாத உதட்டுக்குப் பாரியின் நீளமே பெருஞ்சுமை. குடும்பச் செலவை ஒறுத்து மகனுக்கு நாயனம் வாங்கும் தந்தைக்கு இவற்றை எடுத்துரைப்பவர், கருவியைப் புகழ்பவரினும் பெரிய உதவி செய்தவராவர்.

இன்னொன்று: பிள்ளையவர்களின் பெயர் உலகறிந்தது, ஆசாரியின் பெயரையோ கலைஞர் வட்டத்துக்கு அப்பால் அறிந்தோர் சிலரே. கைவினைஞர்க்கு ஓரளவு ஈடாக, 2022 இல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பிற இடங்களிற் செய்த கருவியை அப்பெயரால் விற்க இனிச் சட்டம் இடந்தராது. அவ்வூரில் இத்தொழிலைத் தொடர்வோரோ சில குடும்பத்தினரே.