நின்று பார்க்க ஓர் இடம்

புத்தாண்டு அன்று டெல்லிப் பக்கம் வெயில் முகம் காட்ட நேரமாகும். அந்தக் குளிரில், தலைநகரின் எல்லையைத் தாண்டியதும் வரும் சாகிபாபாத் தொழிற்பேட்டையை ஒட்டி, ஜண்டாபூர் என்ற தொழிலாளர் பகுதியில் ஒரு கூட்டம் சேரும். கம்பளியும் சால்வையுமாக வந்து உட்காருவார்கள். பாட்டு உண்டு, நாடகம் உண்டு, பேச்சு உண்டு. டெல்லியிலிருந்து நடிகர்களும் எழுத்தாளர்களும் மாணவர்களும் வருவார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜனவரி முதல் தேதியை அந்த ஊர் இப்படித்தான் கழிக்கிறது.

கலையும் சமூக மாற்றமும் ஒரே மேடையில் பேசப்படும் ஆண்டு விழாக்கள் நாட்டில் பெருகிவிட்டன. இலக்கிய விழா, கலை விழா, சிந்தனை அரங்கு என்று ஊருக்கு ஊர் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால், கலை சமூகத்தை மாற்றுமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தப் பெரிய பந்தல்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஜண்டாபூர்தான் வருகிறது. ஏனென்றால் அங்கே கேள்வி இன்னும் கூர்மையானது. கலையைப் பார்க்க ஒரு மனிதர் நிற்க வேண்டும். அவர் நிற்க இடம் இருக்கிறதா? நிற்க நேரம் இருக்கிறதா?

வழி கேட்டு வந்த தகராறு

1989 ஜனவரி 1. காசியாபாத்தில் நகராட்சித் தேர்தல் நேரம். ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழு ஜண்டாபூரின் தெருவில் 'ஹல்லா போல்' நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் டெல்லி வட்டாரத் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்து முடித்திருந்தார்கள். அதையொட்டி எழுந்த நாடகம் அது. பார்க்கச் சுற்றிலும் கூட்டம்.

அப்போது ஒரு வேட்பாளர் தன் ஆட்களோடு அந்த வழியாக வந்தார். வழி விடச் சொன்னார்கள். நாடகம் முடியச் சற்று நேரம் பொறுங்கள், இல்லையென்றால் வேறு பாதையில் போங்கள் என்று குழுவை முன்னின்று நடத்திய சஃப்தர் ஹாஷ்மி கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தடியும் துப்பாக்கியுமாகத் தாக்குதல் தொடங்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் அடிபட்ட சஃப்தர் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 34. வழக்கில் தீர்ப்பு வர 2003 ஆயிற்று.

இந்தக் கொலைக்குப் பின்னால் அரசியல் பகை இருந்தது, தொழிற்சங்கப் பகை இருந்தது. அவை எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. நான் சொல்ல வருவது வேறு. அன்று வாய்த் தகராறு தொடங்கிய இடத்தைப் பாருங்கள். ஒரு தெரு. போக வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், நின்று பார்க்கிறோம் என்பவர்கள் இன்னொரு பக்கம். தெரு என்பது போவதற்கு மட்டும்தானா, கூடி நிற்பதற்கும் உரியதா என்ற கேள்வி அன்று ரத்தத்தில் நனைந்தது.

ஜனவரி 4-ஆம் தேதி, சஃப்தரின் மனைவி மொலோயஸ்ரீ ஹாஷ்மி குழுவினருடன் அதே ஜண்டாபூருக்குத் திரும்பினார். அதே இடத்தில், பாதியில் நின்ற அதே நாடகத்தை முழுவதுமாக நடித்து முடித்தார்கள். கணவரை இழந்து இரண்டே நாளான ஒரு பெண் நடிக்க நின்றார். அவரைச் சுற்றி ஜனம் நின்றது. ஆண்டுதோறும் ஜண்டாபூரில் நடக்கும் கூடுகைக்கு வேர் அந்த நாளில் இருக்கிறது.

பதின்மூன்று நிமிட நாடகம்

இந்தக் குழு தெருவுக்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் என் கவலை புரியும்.

ஜன நாட்டிய மஞ்ச் 1973-ல் பிறந்தது. முதலில் மேடை கட்டி, விளக்குப் போட்டு, பெரிய நாடகங்கள்தான் நடத்தினார்கள். நெருக்கடி நிலை முடிந்தபோது தொழிற்சங்கங்களின் கையில் காசில்லை. மேடைச் செலவைத் தாங்க ஆளில்லை. பெரிய நாடகத்தை ஜனங்களிடம் கொண்டுபோக முடியாது என்றால் சிறிய நாடகத்தைக் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். இந்தியில் இதை 'நுக்கட் நாடக்' என்பார்கள். நுக்கட் என்றால் தெருமுனை. இடத்தின் பெயரே கலையின் பெயர்.

அப்படி 1978-ல் பிறந்ததுதான் 'மெஷின்'. பதின்மூன்று நிமிடம்தான் ஓடும். நடிகர்கள் தங்கள் உடம்பையும் குரலையும் கொண்டே ஓர் இயந்திரமாக இயங்குவார்கள். திடீரென்று அது நின்றுவிடும். ஏன் நின்றது? அங்கிருந்து நாடகம் தொடங்கும்.

டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் உண்மையாக நடந்ததுதான் கரு. தொழிலாளர்கள் கேட்டவை இரண்டே இரண்டு. சைக்கிளை நிறுத்த ஒரு கொட்டகை. இடைவேளையில் ஒரு வாய் தேநீர் குடிக்க ஒரு இடம். அதைக் கேட்டுப் போராடியவர்கள் மீது காவலாட்கள் சுட்டதில் ஆறு பேர் மாண்டார்கள்.

அந்த இரண்டு கோரிக்கைகளையும் எத்தனை முறை படித்தாலும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. கூலி உயர்வுகூட அல்ல. சைக்கிள் நிற்க ஓரிடம், மனிதன் நிற்க ஓரிடம். வேலைக்கு நடுவே கால் மணி நேரம் மனிதனாக இருக்க அனுமதி.

1978 நவம்பரில் டெல்லி போட் கிளப் திடலில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் முன்னால் 'மெஷின்' நடிக்கப்பட்டது. பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அதைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டு 'அவுரத்' வந்தது. பெண்ணின் பாடுகளைச் சொல்லும் அந்த நாடகம் இரண்டாயிரம் தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது சுடச்சுட அதற்கும் ஒரு நாடகம் எழுதினார்கள். சஃப்தர் இறக்கும்போது குழுவின் கணக்கில் தெரு நாடகங்கள் 24, காட்சிகள் ஏறக்குறைய 4,000.

இந்த நாலாயிரம் காட்சிகளுக்கும் டிக்கெட் கிடையாது, அழைப்பிதழ் கிடையாது. டோலக் சத்தம் கேட்டு வேலை முடிந்து போகிறவர் நின்றார், காய்கறி வாங்க வந்தவர் நின்றார். தற்செயலாக நின்றவர்கள்தான் இந்தக் கலையின் பார்வையாளர்கள். ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரிடம் பேசுவது ஒன்று. யாரென்றே தெரியாத வழிப்போக்கரைப் பதின்மூன்று நிமிடம் நிறுத்தி யோசிக்க வைப்பது வேறொன்று. சமூக மாற்றம் என்ற சொல்லுக்குக் கலையில் ஏதாவது பொருள் உண்டென்றால், அது அந்தப் பதின்மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது.

திடல்கள் எங்கே போயின?

லட்சம் பேர் கூடிய போட் கிளப் திடல் இன்று போராட்டக்காரர்களுக்கு முன்போலத் திறந்திருக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே கூட்டங்கள் தடைசெய்யப்பட்டு, ஜந்தர் மந்தர் சாலையோரம் ஒதுக்கப்பட்டது. 2017-ல் அங்கும் தடை வந்தது. முற்றாகத் தடைசெய்ய முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்தச் சாலையோரமாவது மிஞ்சியது. திடல் தெருவாயிற்று, தெரு ஓரமாயிற்று.

ஆங்கிலேயர் 1876-ல் கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018-ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு பூட்டு குறைந்தது உண்மை. ஆனால் தெருவில் நடிக்க நினைக்கும் குழுவுக்குச் சட்டம் மட்டுமா தடை? எங்கே நிற்பது என்பதல்லவா முதல் கேள்வி?

நமக்கும் இது தெரியாத கதையல்ல. 1984-ல் தொடங்கிய சென்னைக் கலைக்குழு உட்பட எத்தனையோ வீதி நாடகக் குழுக்களை இந்த மண் பார்த்திருக்கிறது. தெருமுனைக் கூட்டம் என்பது நம் அரசியல் மொழியிலேயே ஊறிய சொல். திண்ணை, டீக்கடை பெஞ்சு, ஆலமரத்தடி, தேரடி என்று நின்று பேசும் இடங்களுக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! இன்று சென்னையில் ஆர்ப்பாட்டம் என்றால் வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் என்று விரல் விட்டு எண்ணும் இடங்கள்தான். மற்ற முனைகளை வாகனங்களும் கடை விரிவாக்கங்களும் எடுத்துக்கொண்டன. நடைபாதையில் நான்கு பேர் நின்றாலே இடைஞ்சல் என்று ஆகிவிட்டது.

நேரம் எங்கே போயிற்று?

இடத்தைவிட எனக்குப் பெரிய கவலை நேரம்.

மத்திய அரசின் ஆண்டுத் தொழில்துறை ஆய்வின்படி, பதிவு பெற்ற ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இன்று இந்த ஆலை, நாளை வேறு ஆலை. பெயர் தெரிந்த பக்கத்து இருக்கைக்காரர் இல்லை. சங்கம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். விடுதி வாசலில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்கிறது, ஆலைக்கு உள்ளே இறக்கிவிடுகிறது. ஷிப்ட் முடிந்தால் அதே பஸ், அதே விடுதி. அந்தக் காலத்து கேட் மீட்டிங்கை நினைத்துக்கொள்கிறேன். ஆலை வாசலில் ஒருவர் மேசை மேல் ஏறிப் பேசுவார், வெளியே வருகிறவர்கள் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார்கள். இன்று அந்த வாசலைத் தாண்டும்போது தொழிலாளி தரையில் நிற்பதே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடியிருக்கிறார். அவருக்காகத் தெருமுனையில் டோலக் ஒலித்து என்ன பயன்?

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்கு உள்ளே ஒளிந்திருந்தது இந்த நேரம்தான். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், மிச்சமுள்ள எட்டு மணி நேரம் தனக்கு. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது உலகம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023-ல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் தமிழ்நாட்டில் வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது மகிழ்ச்சி. ஆனால் சட்டத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் ஓவர்டைம் என்ற பெயரில் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிறவர்களை நாம் எல்லோருமே அறிவோம். வீட்டுக்கு வீடு உணவு கொண்டுபோகும் இளைஞரை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தெருவில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு நிமிடம் நின்றால் அந்த நிமிடம் அவர் வருமானத்தில் கழிகிறது.

இனித் தெரு எதற்கு, கைபேசியில் ஒரு காணொளி போட்டால் லட்சம் பேர் பார்க்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கிறார்கள்தான். தனித்தனியாகப் பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துத் தன் முகமும் மாறும் அந்தக் கணம் கைபேசியில் இல்லை.

வருஷத்துக்கு ஒரு நாள் போதாது

சஃப்தர் கொல்லப்பட்டபின் டெல்லிக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய 'சஹ்மத்' அமைப்பும் ஜனவரி முதல் தேதியில் ஓவியர், பாடகர், சிந்தனையாளர் எல்லோரையும் கூட்டி விழா எடுத்து வந்திருக்கிறது. நாடக அரங்குகள் சூழ்ந்த மண்டி ஹவுஸ் பகுதியில் ஒரு சாலைக்கு சஃப்தர் ஹாஷ்மியின் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஜன நாட்டிய மஞ்ச் 2012-ல் மேற்கு டெல்லியில், சாதாரண மக்கள் நெருக்கியடித்து வாழும் ஷாதி காம்பூரில், 'ஸ்டூடியோ சஃப்தர்' என்று சிறிய அரங்கு ஒன்றை அமைத்தது. தெருவையே மேடையாகக் கொண்ட குழுவுக்கும் சொந்தமாக நான்கு சுவர் தேவைப்பட்டது. அந்தச் சுவர்களைப் பெரிய அரங்குகளின் வட்டாரத்தில் எழுப்பாமல், ஜனம் நடமாடும் சந்துக்குள் எழுப்பினார்களே, அதில்தான் அவர்களுடைய நேர்மை இருக்கிறது.

ஆண்டு விழா நடத்துகிற ஒவ்வொருவரையும் இதையே கேட்கத் தோன்றுகிறது. உங்கள் விழாவில் சமூக மாற்றத்தைப் பற்றிப் பேச எத்தனை பேர் வருகிறார்கள் என்பது இருக்கட்டும். அந்த வழியாகச் சும்மா போன ஒருவர் நின்றாரா? வாசலில் பாதுகாப்பு நிற்பவர் உள்ளே வந்து ஒரு நாடகம் பார்த்தாரா? பந்தல் போட வந்த தொழிலாளி பந்தலின் கீழ் உட்கார்ந்தாரா? இதற்கு ஆம் என்று சொல்ல முடியாத விழா எவ்வளவு அழகாக இருந்தாலும், தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடிதான்.

ஜண்டாபூர் இன்னும் கூடுகிறது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு. ஆனால் வருஷத்தின் ஒரு காலைப்பொழுதை மட்டும் நினைவுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச 364 நாளும் தெருவையும் நேரத்தையும் பறிகொடுத்தால், நாம் சஃப்தரை வணங்குகிறோமே தவிர அவர் செய்ததைச் செய்யவில்லை. அவர் உயிரைக் கொடுத்துக் கேட்டது பெரிய வரம் அல்ல. நாடகம் முடியும்வரை கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவ்வளவுதான்.

உங்கள் ஊரில், மைக் இல்லாமல் நடிகர்கள் பேசினால் கேட்கும்படி, முப்பது பேர் வட்டமாக நிற்கக்கூடிய பொது இடம் எது? பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கலாம், சந்தைத் திடலாக இருக்கலாம், பள்ளிக்கூட மதில் ஓரமாக இருக்கலாம். அதன் பெயர் உங்களுக்கு உடனே ஞாபகம் வந்தால், அதில் கார் நிறுத்துமிடமோ கடை வளாகமோ வருவதற்குள் வார்டு கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், இன்றே தேடத் தொடங்குங்கள்.