பாதியில் நிற்கும் விருந்து

ஆத்தூரிலிருந்து ராசிபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். புளித்த மாவோடு கெட்டுப்போன வெண்ணெய் சேர்ந்தது மாதிரி இருக்கும். பக்கத்தில் எங்கோ சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் நீக்கி, அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவைத் தொட்டியில் படியவிட்டபின் மேலே நிற்கும் தண்ணீரை வெளியே விடுகிறார்கள். அதில் மிச்ச மாவும் சர்க்கரையும், கிழங்குக்கே உரிய சயனைடு கொஞ்சமும் இருக்கும். ஓடையில் சேர்ந்ததும் பாக்டீரியாக்கள் அதன்மேல் பாய்ந்து, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் வேண்டாத கூட்டம் வேலையைத் தொடர்ந்து, பியூட்டிரிக் அமிலத்தை விட்டுவைக்கும். கெட்ட வெண்ணெயில் நாறுவதும் அதே அமிலம்தான். ஆக, பாக்டீரியா பாதி சுத்தம் செய்த அடையாளம்தான் அந்த நாற்றம்.

மீதி வேலையை முடிக்க வேறு ஆட்கள் வேண்டும். காற்றுப் புகாமல் மூடிய தொட்டியில், முதலில் மாட்டுச்சாணக் கரைசலை ஊற்றி அவர்களைக் குடியேற்றுகிறார்கள். ஒரு கூட்டம் மாவைச் சர்க்கரையாக உடைக்கும். இன்னொன்று சர்க்கரையை அமிலமாக்கும். கடைசியில் வருபவை அமிலத்தை மீத்தேனாக மாற்றும். இந்தக் கடைசிக் கூட்டத்தை உயிரியலார் பாக்டீரியாவிலேயே சேர்ப்பதில்லை. ஆர்க்கியா என்று தனிப் பெரும்பிரிவாக வைக்கிறார்கள். மெதுவாகப் பெருகுகிற, புளிப்பு தாங்காத சாதி அது. தண்ணீரை அளவுக்கு மீறி வேகமாக விட்டால் அமிலம் மிஞ்சி, தொட்டியே புளித்து நின்றுபோகும். பக்குவமாக நடத்தினால் கிடைக்கிற வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். சேலம், நாமக்கல் ஆலைகள் பல அதில் ஜெனரேட்டர் ஓட்டுகின்றன.

இதற்கு ஒரு எதிரி உண்டு: வெள்ளைவெளேர் ஜவ்வரிசி மேல் நமக்கிருக்கும் மோகம். மாவை வெளுக்கச் சேர்க்கும் குளோரின் சரக்கு கிருமிநாசினியும்தானே! தண்ணீரோடு தொட்டிக்குள் போனால் அங்கே குடியிருப்பவை செத்துவிடும். சேலம் சேகோவுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிறம் கொஞ்சம் மங்கினால் அந்தப் பெருமை குறைந்துவிடாது.

காவிரிக் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைகளில் கதை வேறு. அசோ சாயங்களில் நிறத்தைத் தாங்குவது இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியா அதை அறுத்ததும் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் அங்கே மிஞ்சுவது அரோமேட்டிக் அமீன்கள். சில, புற்றுநோய் வரவழைப்பவை. காற்று ஊதும் இரண்டாம் தொட்டியில்தான் அவை சிதையும். தெளிந்த தண்ணீரைப் பார்த்து வேலை முடிந்தது என்று வால்வைத் திறப்பது, கலங்கலை விடுவதைவிட மோசமாகவும் முடியலாம். இரண்டு தொட்டியும் தாண்டிய பிறகும் சாயமேற்றச் சேர்த்த உப்பு அப்படியே இருக்கும். எந்த நுண்ணுயிருக்கும் அது தீனி இல்லை. சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி என்று பணம் செலவழித்துத்தான் பிரிக்க வேண்டும்.

ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலும் இதே முட்டுக்கட்டைதான். நீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியத்தை, அவ்வளவாகக் கரையாத மூன்று இணைதிறனுக்குக் கொண்டுவரும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நிலத்தடி நீருக்குள் விஷம் பரவுவதை அவை மட்டுப்படுத்தலாம். குரோமியமோ தனிமம், அது மண்ணை விட்டுப் போகாது. தோண்டி எடுத்துப் பாதுகாப்பான குழியில் மூடுவது மனிதர்கள் வேலை.