இரு சக்கர வீரமும் தேசத் தொழிலும்

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெரியோரில் பலர் முகம் சுளிக்கின்றனர். குதிரைப் பந்தயத்தில் பொருளிழந்து குடிகெட்ட குடும்பங்களை நம் நாடு நிரம்பக் கண்டிருப்பதால், அவர்களுடைய வெறுப்பை நாம் குறை கூறோம். ஆயினும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும் அந்த வரிசையிலேயே வைத்து, வேலையற்ற வாலிபர்களின் வீண் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. ஒரு தேசத்தின் கைத்தொழிலையும் தன்னம்பிக்கையையும் அப்பந்தயம் எவ்வாறு உயர்த்தியது என்பதற்குச் சரித்திரம் சான்று பகர்கிறது. அச்சரித்திரத்தை நம் இளைஞரும், அவர்களைக் கண்டிக்கும் மூத்தோரும் ஒருங்கே அறிவது நலம் என்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் மான் தீவு என்னும் சிறு தீவே இவ்விளையாட்டின் பழம்பதி. பொதுச் சாலைகளில் பந்தயம் ஓட்ட இங்கிலாந்தின் சட்டம் இடந்தரவில்லை. தனக்கெனச் சட்டசபை உடைய மான் தீவோ சாலைகளை அடைத்துப் பந்தயம் நடத்த அனுமதித்தது. அங்கு 1907-இல் டூரிஸ்ட் டிராபி என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் மாட்ச்லெஸ் வண்டியோட்டிய சார்லி காலியரும், இரட்டை சிலிண்டர் வண்டிகளில் நார்ட்டன் வண்டியோட்டிய ரெம் பௌலரும் வெற்றி பெற்றனர். காலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைலுக்குச் சற்று மேல். ஒரு செய்தியை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். பிரிட்டிஷாரின் பெருமையாகப் பிற்காலத்தில் விளங்கிய நார்ட்டன், அன்று ஓடியது பிரெஞ்சு நாட்டுப் பெஜோ எஞ்சினைக் கொண்டே. இரவல் யந்திரத்தில் தொடங்குவது எவருக்கும் இழிவன்று. அதிலேயே தங்கிவிடுவதுதான் இழிவு.

1911-இல் பந்தயம் 37¾ மைல் சுற்றுள்ள மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. தோல்வார் பூட்டி ஒரே வேகவிகிதத்தில் ஓடிய பழைய வண்டிகள் மலையேற்றத்தில் திணறின. சங்கிலியும் இரண்டு கியர்களும் பூண்ட 'இந்தியன்' என்ற வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் கவர்ந்தன. பெயரைக் கண்டு நாம் மகிழ்வதற்கில்லை. அவை அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் செய்யப்பட்டவை. நம் தேசத்தாருக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்தத் தோல்வியினின்று பிரிட்டிஷ் தொழிலாளர் கற்றுக்கொண்டனர். மலை கற்பித்த பாடத்தால் கியர் என்பது மோட்டார் சைக்கிளின் இன்றியமையாத உறுப்பாயிற்று. பட்டறையில் பல்லாண்டு ஆராய்ந்து கண்டறிய வேண்டியதைப் பந்தயக்களம் ஒரு பகற்பொழுதில் காட்டிவிடும்.

இதனை முற்றும் உணர்ந்தவர் ஜப்பானியரான ஸோய்ச்சிரோ ஹோண்டா. 1906-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பெரும் பள்ளிப்படிப்பு இல்லாதவர். அவர் நடத்திய பிஸ்டன் வளையத் தொழிற்சாலை யுத்தத்தின் குண்டுவீச்சாலும், 1945-இல் நேர்ந்த பூகம்பத்தாலும் சிதைந்தது. தேசமே தோற்றுப் பட்டினி கிடந்த அக்காலத்தில், சைன்யத்தார் கைவிட்ட கம்பியில்லாத் தந்திக் கருவிகளின் சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களிற் பொருத்தி விற்றார். 1948-இல் தமது கம்பெனியை நிறுவினார். 1954-இல் கம்பெனி பணமுடையால் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, மான் தீவுப் பந்தயத்திற் கலந்துகொண்டு வெல்வோம் என்று தம் தொழிலாளருக்குப் பிரகடனம் செய்தார்! அவ்வாண்டே தீவுக்கு நேரிற் சென்று பார்த்தார். ஐரோப்பிய வண்டிகளின் வலிமைக்கு முன் தம்முடையவை எம்மட்டு என்று கண்டு திகைத்தார். ஆயினும் மனம் தளர்ந்து திரும்பவில்லை. டயர், சங்கிலி, கார்ப்யுரேட்டர் முதலியவற்றை விலைக்கு வாங்கிப் பெட்டிகளில் நிறைத்துக்கொண்டு திரும்பினார்.

ஜப்பானில் அன்று நல்ல பந்தயச் சாலை ஒன்றேனும் இல்லை. ஆஸாமா எரிமலையின் அடியில், சாம்பல் படிந்த மண் பாதையில் அந்நாட்டுக் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1955-இல் அங்கு 125 சி.சி. பிரிவில் ஹோண்டாவைப் புதிதாகப் பிறந்த யமஹா தோற்கடித்தது. உள்நாட்டில் அடைந்த இத்தோல்வியும் பயிற்சியாயிற்று. 1959-இல் ஹோண்டாவின் வீரர்கள் மான் தீவில் முதன்முறையாக ஓடினர். 125 சி.சி. பிரிவில் 6, 7, 8, 11 ஆகிய இடங்களைப் பெற்று, குழுப் பரிசையும் வென்றனர். இரண்டே ஆண்டில், 1961-இல், 125, 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டா வண்டிகளுக்கே உரியவாயின. இரண்டிலும் முதல்வராக வந்தவர் இங்கிலாந்து வீரர் மைக் ஹெயில்வுட். 1962-இல் ஸுஸுகா என்னுமிடத்தில் தமக்கென ஒரு பந்தயச் சாலையையும் ஹோண்டா கம்பெனியார் அமைத்துக்கொண்டனர்.

பந்தயத்தில் ஓடிய வண்டிகள் சில. அக்கல்வியின் பயனை அனுபவித்த குடும்பங்களோ கோடிக்கணக்கானவை. 1958-இல் வெளிவந்த ஸூப்பர் கப் என்னும் எளிய வண்டி 2017-க்குள் பத்துக் கோடி எண்ணிக்கையைக் கடந்தது. மறுபுறம், பழைய வெற்றிகளின் நிழலில் உறங்கிய பிரிட்டிஷ் கம்பெனிகள் 1970-களில் ஒவ்வொன்றாகச் சரிந்தன. உழைத்தவன் எழுந்தான், உறங்கியவன் வீழ்ந்தான். இதில் மாயம் ஒன்றுமில்லை.

நிற்க. நம் நாட்டு நிலை யாது? விடியற்காலையில் எந்த நகரத்தின் எந்த வீதியில் நின்று நோக்கினும், பால்காரரும், ஆசிரியரும், ஆலைத் தொழிலாளியும், மனைவி மக்களோடு கோயிலுக்குச் செல்லும் குமாஸ்தாவும் இரு சக்கரத்திலேயே செல்வதைக் காணலாம். உலகிலேயே மிகப் பெரிய இரு சக்கர வண்டிச் சந்தை நம்முடையது. ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாகின்றன. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மறைந்த பின்னும், 1955 முதல் சென்னையில் வேரூன்றிய என்பீல்டு தழைத்து நிற்கிறது. 1907-இல் மான் தீவில் வென்ற அந்த நார்ட்டனையே, 2020-இல் ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் நம் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. ஒருகாலத்தில் நம்மை ஆண்டவர்களின் பெருமைச் சின்னம் இன்று நம்மவர் கையில் இருக்கிறது. இதைக் கண்டு களிப்பது இயல்பு. ஆனால் பெயரை விலைக்கு வாங்கலாம். திறமையை அவ்வாறு வாங்க முடியாது.

பந்தயக்களத்தில் நம் கணக்கு இன்னும் சிறியது. 2016-இல் ஆஸன் நகரத்தில் நடந்த மோட்டோ 3 உலகப் போட்டியில் மஹீந்திரா வண்டி வென்றது மெய். ஓட்டியவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ பாஞ்ஞாயா. அவ்வண்டி உருவானதும் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான். பாலைவனங்களைக் கடக்கும் டக்கார் பந்தயத்தை 2015-இல் சி.எஸ். ஸந்தோஷ் முடித்து, அவ்வாறு முடித்த முதல் இந்தியரானார். 2024-இல் கேரளத்து ஹரித் நோவா அதன் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றார். பெங்களூரைச் சேர்ந்த ஐசுவர்யா பிஸ்ஸே என்னும் பெண்மணி 2019-இல் பாஹா உலகக் கோப்பையில் மகளிர் பிரிவை வென்றார். இவர்களை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் இத்தனை கோடி வண்டிகள் ஓடும் தேசத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வீரர்கள் போதுமா?

வீரர் தோன்றக் களம் வேண்டும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் பந்தயம் நடந்ததும், ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று கண்டதும் பலருக்கு நினைவிருக்கும். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயச் சாலை எழுந்தது. கோயம்புத்தூருக்கு அருகிலும் ஒன்று உண்டு. ஆனால் ஏழை மெக்கானிக்கின் மகன் அங்கு நுழைவது எளிதா? வண்டி, உடுப்பு, கட்டணம் யாவும் அவனுக்கு எட்டாதவை. ஆகவே அவன் நள்ளிரவில் கடற்கரைச் சாலைக்குச் செல்கிறான். போலீஸார் துரத்துகின்றனர். மறுநாள் காலையில் அவன் தாய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள்.

இங்கேதான் நாம் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. பந்தயம் ஆபத்தானது என்பதை நாம் மறைக்கவில்லை. மான் தீவின் மலைப்பாதை 260-க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது. 1972-இல் மழையில் இத்தாலிய வீரர் ஜில்பெர்த்தோ பார்லோத்தி அங்கு மாண்டபோது, பதினைந்து முறை உலக வெற்றி கண்ட ஜக்கொமோ அகொஸ்தினி இனி அங்கு ஓட்டேன் என்று விலகினார். பிற வீரரும் மறுக்கவே, 1976-க்குப் பின் உலகப் போட்டி அத்தீவில் நடைபெறவில்லை. தம் உயிருக்கு மதிப்புக் கோரி மறுத்த அவர்களைக் கோழைகள் என்று எவரும் கூறார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வீழ்ந்து உயிர் துறந்தான். அத்தகைய இளம்பிள்ளைகளைக் களத்தில் இறக்குவது குறித்து நிர்வாகிகள் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்தயக்காரர் ஆபத்தை அறிந்து, அதற்கு எதிராகத் தம்மைக் காத்துக்கொள்ளவும் கற்றனர். மோட்டார் சைக்கிள் தலைக்கவசமே பந்தயக்களத்தில் பிறந்ததன்றோ? புரூக்லண்ட்ஸ் களத்து வைத்தியர் எரிக் கார்டினர் வீரர்களின் தலைக்காயங்களைக் கண்டு மனம் வருந்தி ஒரு கவசம் செய்வித்தார். 1914 மான் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமாயிற்று. நூறாண்டுக்கு முன் பந்தயக்காரர் ஏற்ற அந்தக் கவசத்தை இன்று நம்மவர் பெட்ரோல் டாங்கின் மீது வைத்துக்கொண்டு செல்கின்றனர். போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏற்றுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வண்டியில் சென்றோர் 74,897 பேர். தலைக்கவசமின்றி இறந்தோர் மட்டும் ஏறக்குறைய 50,000 பேர். ஒரு யுத்தத்திலேனும் இத்தனை பேரை ஓராண்டில் இழந்தால் தேசம் துக்கம் கொண்டாடாதா?

எனவே நாம் வேண்டுவன மூன்று. ஜில்லாவுக்கு ஒரு சிறு பயிற்சிச் சாலையேனும் சர்க்கார் அமைத்து, ஏழை இளைஞருக்கும் குறைந்த கட்டணத்தில் திறந்துவிட வேண்டும். வண்டி விற்றுக் கோடி கோடியாக ஈட்டும் கம்பெனிகள் வெளிநாட்டு வீரரை அமர்த்துவதோடு நில்லாமல், உள்நாட்டு மெக்கானிக்குகளையும் ஓட்டிகளையும் பயிற்றப் பொருள் செலவிட வேண்டும். மூன்றாவதாக, இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் நாளைக் காலை வீட்டை விட்டுப் புறப்படுமுன் தலைக்கவசம் தரித்து, பின்னால் அமரும் மனைவிக்கும் மகவுக்கும் தரிப்பிக்க வேண்டும். முதலிரண்டுக்கும் பிறரை நோக்கிக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். மூன்றாவதற்கு எவர் உத்தரவும் வேண்டுவதில்லை.

கொல்லன் மகன் ஒருவன் சாம்பல் மேட்டினின்று எழுந்து உலகத்தை வியக்கச் செய்தான். நம் நாட்டிலும் ஊருக்கு ஊர் பட்டறைகள் உள்ளன. அவற்றில் எண்ணெய்க் கறை படிந்த கைகளும் கூர்த்த அறிவும் உள்ளன. அவர்களுக்குக் களம் கொடுப்போம். அவர்கள் உயிரோடிருந்து அக்களத்தை வெல்லும்படி காப்போம்.